பின்கதவுக்கு விழுந்த பலா

கீழ் வீட்டில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். காலையிலிருந்து ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் சற்று முன் எதையோ கடித்தது. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன், அணைக்கத் தோன்றவில்லை.

ஓடுகிற இரும்பு கல்லைத் தொடும் அந்தச் சத்தத்தை இதற்கு முன் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். கொல்கத்தாவில், ஒரு மர மில்லில். அங்கே அது ஒரு மரத்துக்குள்ளிருந்து வந்தது.

பவானிபூரில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரப் பெண்மணி, தனியாக. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அந்த ஊர் வழக்கப்படி அண்ணி என்ற பொருளில் நான் அவரைப் பௌதி என்று கூப்பிடுவேன். கோபம் இருந்தால் அவர் என்னை மெட்ராஸி என்பார், இல்லாவிட்டால் தங்கச்சி. அவர் வங்காளியில்தான் பேசினார், நானும் என் நொண்டி வங்காளியில் பதில் சொன்னேன். நினைத்துப் பார்க்கும்போது மட்டும் எல்லாம் தமிழிலேயே கேட்கிறது.

கொல்லையில் ஒரு பலா நின்றது. நாங்கள் குடிவந்தபோது தொடைப் பருமன்தான் இருக்கும். விழுந்தபோது என் இரண்டு கைக்குள் அடங்கவில்லை. இடையில் பெயருக்குக்கூட ஒரு காய் காய்த்ததில்லை.

தென்காசியிலிருந்து அம்மா போனில் வைத்தியம் சொன்னாள். "ஏட்டி, காய்க்காத பலாவ சும்மா விடக்கூடாது. அடிமரத்துல நாலு ஆணிய அடி. பழைய வெளக்குமாத்தையும் பிஞ்ச செருப்பையும் கட்டித் தொங்கவிடு. ரோசம் வந்து காய்க்கும்."

என் கணவர் இஞ்சினியர். சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆணியும் அடித்தார், ஒவ்வொரு தை மாதமும். பௌதி தன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "என்ன இஞ்சினியர் பாபு, மரத்துக்கு ஊசி போடறீங்களா?" என்று கேட்டார். ஆணியைப் பொறுத்துக்கொண்டவர் விளக்குமாற்றைப் பொறுக்கவில்லை. மறுநாள் அது எங்கள் மாடிப்படியில் கிடந்தது. "என் மரத்தை என் வீட்டிலேயே அவமானப்படுத்துறியா, மெட்ராஸி?"

இவருக்கு மத்திய அரசு வேலை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பெட்டியைக் கட்ட வேண்டிய பிழைப்பு. எங்களுக்கு முன்னால் அந்த மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் வந்து போனார்களாம். எங்களுக்கு மட்டும் மாற்றல் வரும், வந்தது நின்றுபோகும். ஒரு தடவை இவருடைய மேலதிகாரி விடமாட்டேன் என்றார். ஒரு தடவை போகவேண்டிய அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். ஒரு தடவை மதுரை என்று உத்தரவு வந்தது. அம்மா படுக்கையில் விழுந்திருந்த வருஷம் அது. நான் பாத்திரங்களைக்கூடச் செய்தித்தாளில் சுற்றிவிட்டேன். அதுவும் ரத்தானது. அன்றைக்கு நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து அழுதபோது என் முதுகைத் தடவிக்கொடுத்தது பௌதிதான். தை பிறக்கும் முன்னால் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு இவர் ஆணி அடிக்கவில்லை.

பிறகு அந்தச் சித்திரை. பகல் மூன்று மணிக்கு ஆகாயம் கன்றிக் கறுக்கும், ஒரு காற்று வரும், காலபைசாகி என்பார்கள். நான் மாடிச் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். மரம் சாய்கிற சத்தம் இடி மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஈரச் சேலையை யாரோ அவசரமில்லாமல் கிழிப்பது போல இருந்தது. கிழிந்துகொண்டே இருந்தது. அப்புறம் வீடு ஒரு முறை குலுங்கியது. பகலிலும் விளக்கு போட்டுச் சமைத்த அந்தச் சமையலறைக்குள் திடீரென்று வெளுப்பாக ஒரு வெளிச்சம் வந்து நின்றது. அதைத்தான் முதலில் பார்த்தேன். மரம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

கீழே ஓடினேன். பலாவின் தலை முழுக்கப் பின்கதவின் மேல் விழுந்து, கதவை நிலையோடு பெயர்த்துச் சமையலறைக்குள் தள்ளியிருந்தது. இலைகளுக்கு நடுவே பௌதி தரையில் உட்கார்ந்திருந்தார். அரிவாள்மணையும் பாதி நறுக்கிய மீனும் அப்படியே முன்னால் இருந்தன. ஒடிந்த கிளையிலிருந்து அவர் தோளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"தட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார்.

அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. குடிக்க இடம் தேடுகிறவர்களும் பழைய இரும்பு பொறுக்குகிறவர்களும் நடக்கிற சந்து. கதவு இருந்த இடத்தில் ஒரு தகரத்தைக் கம்பி போட்டுக் கட்டினோம். காற்றடித்தால் அது பேசும். பௌதி கட்டிலைச் சமையலறைக்கு இழுத்துத் தகரத்தோடு ஒட்டிப் போட்டார். படுத்தார், தூங்கவில்லை. காலையில் கண்கள் சிவந்து மாடிக்கு வந்து, "தகரத்துக்குப் பின்னால தூங்க நான் என்ன கடையா?" என்றார். பிறகு எங்கள் ஜன்னலிலிருந்து, கொல்லை முழுக்க நீட்டிப் படுத்திருந்த அடிமரத்தையே பார்த்தார். "எது உடைச்சுதோ அதுவே செஞ்சு தரட்டும். இந்த மரத்துலதான் என் கதவு."

அதே வாரம் இவருக்கு மாற்றல் வந்தது. இந்தத் தடவை தடுக்க யாரும் இல்லை. மேலதிகாரி ஓய்வுபெற்றுவிட்டார். பௌதியிடம் சொல்ல நான்தான் போனேன்.

"எப்போ?"

"ஜூலை கடைசியில."

"அப்போ மாடியும் காலி, கீழேயும் நான் ஒருத்தி. அதுக்குள்ள கதவு நின்னுடணும்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு ஒரு கதவுக்காக ஓடினோம்.

வார்டு ஆபீஸ் ஆட்கள் வந்து கிளைகளை வெட்டிக்கொண்டு போனார்கள், அடிமரத்தை எங்கள் தலையில் விட்டுவிட்டார்கள். மர மில்களில் கேட்டால் கையை விரித்தார்கள். வீட்டு மரம் வேண்டாம், உள்ளே ஆணி இருக்கும், ரம்பம் போய்விடும். துணிக்கொடி கட்டிய ஆணி, பூஜைப் பந்தலுக்கு விளக்கு மாட்டிய ஆணி என்று ஊர் மரம் ஒவ்வொன்றும் ஒரு இரும்புக்கடையாம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு மில்காரர் மட்டும், "ஆணி இல்லேன்னு நீங்க பொறுப்பு ஏத்துக்கிட்டா அறுக்கலாம்" என்றார்.

எங்கள் மரத்தில் ஆணி அடித்ததே நாங்கள்தான். இவர் பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றினார், நூலில் கட்டினார், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மரத்தின் மேல் மண்டியிட்டு அதை விரல் விரலாக நகர்த்தினார். காந்தம் சட்டென்று பட்டையோடு ஒட்டுகிற இடத்தில் சாக்பீஸ் வட்டம், அப்புறம் உளி. உள்ளே இருந்த ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மரம் நீலக் கறுப்பாகக் கன்றியிருந்தது, அடிபட்ட சதை மாதிரி. அம்மா சொன்ன ஆணிகள். அவற்றைப் பிடுங்கும்போது நான் பக்கத்தில் நிற்கவில்லை.

மரம் இரண்டாகப் பிரிகிற கவட்டையில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருந்தது, பிசின் வடிந்து ஆறியது. எறும்புப் புற்றைச் சுரண்டியதாகப் பௌதி எப்போதோ சொல்லியிருந்தார். இவர் அதன் மேலும் காந்தத்தை ஓட்டினார். அது அசையவில்லை.

"சுத்தம்" என்று மரத்தைத் தட்டினார். "டாக்டர் சர்டிபிகேட்டே குடுக்கலாம்."

மட்டடோர் என்று அங்கே சொல்கிற சின்ன லாரியில் மரத்தை ஏற்றிக்கொண்டு போனோம். பௌதி டிரைவர் பக்கத்தில் குடையும் கையுமாக உட்கார்ந்துகொண்டார். கதவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

மில் என்பது ஒரு தகரக் கொட்டகை. ஆளுயரத்துக்கு மேல் இரண்டு சக்கரங்கள், அவற்றின் மேல் பெல்ட் மாதிரி ஓடுகிற நீளமான ரம்பம். முதல் அறுப்பில் வெறும் பட்டைச் சீவல் விழுந்தது. இரண்டாவதில் மரம் திறந்தது. நான் ஒரு அடி பின்வாங்கினேன். அத்தனை மஞ்சள். அழுக்குத் தூணாக நின்ற ஒன்றுக்குள் இவ்வளவு பிரகாசம் இருந்திருக்கிறது, வைரம் பாய்ந்து, ஈரமாக, புளித்த பழத்தின் லேசான வாசனையோடு. இத்தனை வருஷம் அதன் நிழலில் துணி காயப்போட்டிருக்கிறேன்.

"பாரு தங்கச்சி" என்றார் பௌதி. "உள்ளுக்குள்ளேயே காய்ச்சு வச்சிருக்கு."

அதற்கடுத்த அறுப்பு பாதி மரம் போயிருக்கும். அப்போதுதான் அந்தச் சத்தம். என் பல் வேர்வரை போன ஒரு கீச்சு. ரம்பம் அறுந்து, ஒரு மின்னல் துண்டு எங்கள் தலைக்கு மேல் பறந்து தகரச் சுவரில் குத்தி நின்று ஆடியது. சக்கரங்கள் வெறுமனே சுற்றி ஓய்ந்தன. ரம்பத்தருகே நின்றவர் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"ஆணி இல்லேன்னீங்களே, பாபு" என்றார் மில்காரர், மெதுவாக.

இவர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து அறுந்த இடத்தில் வைத்தார். ஒட்டவில்லை. மறுபடி வைத்தார். ஆப்பு அடித்து அந்த வெட்டைப் பிளந்தார்கள். மஞ்சளுக்கு நடுவே, கவட்டை இருந்த இடத்தில், கொய்யாக்காய் அளவில் ஒரு கருங்கல். அதைச் சுற்றிக் கருகின தோல் மாதிரி ஏதோ துணி. மரம் அதை நான்கு பக்கமும் மூடி வளர்ந்திருந்தது.

"கொல்கத்தா மண்ணுல கல்லு ஏது?" மில்காரர் குனிந்தார். "இது ரயில் பாதைக் கல்லு." துணியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். "இது வேண்டுதல் கல்லு. யார் கட்டினது?"

அங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. மனதில் ஒன்றை வேண்டிக்கொண்டு மரத்தில் கல்லைக் கட்டுவார்கள். கேட்டது கிடைத்தால், கட்டினவரே வந்து அவிழ்க்க வேண்டும். கோயில் மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வீட்டுக் கொல்லையில் நான் பார்த்ததில்லை.

"நான்தான்" என்றார் பௌதி.

குடையை மடக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தே பேசினார். "இவங்க குடிவந்த வருஷம். அதுக்கு முன்னாடி ஒருத்தரும் நிக்கல. ஒரு குடும்பத்தோட பழகி முடிக்கிறதுக்குள்ள லாரி வந்து நிக்கும். அக்கா வீட்டுக்கு சாந்த்ராகாச்சி போனப்ப தண்டவாளத்துல இருந்து எடுத்தேன். ரயில்ல வந்தவங்க ரயில்லயே போயிடுவாங்க, அதனால ரயில் கல்லு. இவங்க போகக்கூடாதுன்னு கட்டினேன்."

நான் வேண்டுதல்களை நம்புகிறவள் இல்லை. மாற்றல் உத்தரவு எங்கே எழுதப்படுகிறது, எந்த மேஜையில் ரத்தாகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கொட்டகையில், காலடியில் மஞ்சள் தூள் குவிந்து கிடக்க, எனக்குத் தெரிந்த எதுவும் உதவிக்கு வரவில்லை. நின்றுபோன உத்தரவுகள் எல்லாம் ஒன்றாக வந்து அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தன. மதுரை. செய்தித்தாளில் சுற்றிய பாத்திரங்கள். முதுகைத் தடவிய கை.

"எங்க அம்மா கெடந்தப்பவும் இது உள்ளதான் இருந்துச்சா, பௌதி?"

தமிழில் கேட்டுவிட்டேன். என் கேள்வி அவருக்கு எப்படியோ புரிந்தது. அம்மா என்ற சொல் போதுமாயிருந்திருக்கலாம்.

"அவிழ்க்கப் போனேன்" என்றார். "நீ படியில உட்கார்ந்து அழுத மறுநாள். ஸ்டூல் போட்டு ஏறி, மீன் வெட்டற கத்தியால வெட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல மரம் முழுங்கிடுச்சு. வெட்ட வெட்டப் பால் வந்துச்சு. நீ மாடியில இருந்து என்ன பண்றீங்கன்னு கேட்ட. எறும்புன்னு சொன்னேன்."

எனக்கு நினைவிருந்தது. ஸ்டூல், கத்தி, முழங்கை வரை வழிந்த பால். துணிக்கொடியில் துண்டை உதறிக்கொண்டே கேட்டேன், பதிலைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மில்காரருக்கு எங்கள் கதை வேண்டாம். வேறு ரம்பம் மாட்டுவதற்கு ஒரு நிபந்தனை சொன்னார். "கட்டினவங்களே எடுக்கணும். கிடைச்சுதுன்னு வாயால சொல்லி எடுக்கணும். இல்லாட்டி இந்த மரத்துல நான் கை வைக்க மாட்டேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

பௌதி மரத்தூளில் மண்டியிட்டார். அவர் எடுத்தால் நாங்கள் போகலாம். எடுக்காவிட்டால் கதவு இல்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"கிடைச்சுது" என்றார். பிளவுக்குள் விரலை விட்டு இழுத்தார். வரவில்லை. நகம் ஒடிந்தது. இவர் உளியை எடுத்து ஓரத்தில் நெம்பிக் கொடுத்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கல் வந்தபோது மரத்தில் ஒரு வழுவழுப்பான குழி மிச்சமிருந்தது. கல்லைத் தொழிலாளி யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, அங்கே வைக்கவும் விடவில்லை. பௌதி அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

குழி விழுந்த பாகத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை அறுத்தார்கள். திரும்பி வரும்போது நான் பின்னால் பலகைகளோடு உட்கார்ந்து வந்தேன். முன்னால் இடம் இருந்தது.

அதற்குப் பிறகு பல நாள் கதவைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டோம். பலகைகளை மொட்டைமாடியில் இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கினோம். தச்சர் வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஈரம் போகல. குளிர்காலம் வரட்டும். இப்பவே செஞ்சா மழையில ஊதும்."

"குளிர்காலத்துல இவங்க இருக்க மாட்டாங்க" என்றார் பௌதி. "இப்பவே செய்யுங்க."

வைகாசி வெயிலில் காய்ந்தது போதும் என்று நாங்களே முடிவுகட்டினோம். கரியாஹாட் நடைபாதைக் கடையில் வெளிப்பக்கத்துக்கு ஒரு பித்தளை வளையமும் உள்பக்கத்துக்கு ஒரு தாழ்ப்பாளும் வாங்கினோம். எதைக் காட்டினாலும் பௌதி, இன்னும் தடியாக இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர், "ஜெயிலுக்கா மா?" என்றார். ஜூன் தொடக்கத்தில் கதவு நின்றது, பாலிஷ் இல்லாமல், மஞ்சளாக. தகரத்தைக் கழற்றிய அன்று பௌதி மத்தியானமே படுத்து, மறுநாள் பால்காரர் தட்டும்வரை தூங்கினார்.

மழை வந்தது. தச்சர் சொன்னபடியே கதவு ஊதியது. உள்பக்கம் திறக்கிற கதவு அது. மூட வேண்டுமானால் உள்ளேயிருந்து ஒருவர் தோளால் தள்ள வேண்டும், அதே நேரம் வெளியே சந்திலிருந்து ஒருவர் வளையத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். தினமும் சாயங்காலம் இவர் சந்துக்குப் போய் இழுத்துவிட்டு, முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார். தச்சரைக் கூப்பிட்டோம். "இப்ப இழைச்சா குளிர்காலத்துல பூனை நுழையற சந்து விழும்" என்று இழைப்புளியை வெளியில்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அதிர்ச்சி என்று ஒன்று இருந்தால் எனக்கு அதுதான், கல்கூட இல்லை. தனியாக இருக்கப்போகிற ஒரு பெண்ணுக்கு, இரண்டு பேர் இருந்தால் மட்டுமே மூடுகிற ஒரு கதவைச் செய்து வைத்திருக்கிறோம். பெட்டிகள் கட்டியிருந்தன. டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

கிளம்புகிற நாள், மத்தியானம், தூறல். சாமான் முன்னாலேயே லாரியில் போயிருந்தது. முன்தெருவில் தண்ணீர் தேங்கி நின்றதால் டாக்ஸி சந்துப் பக்கம்தான் வர முடிந்தது. சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கு நேரமாகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்தார். பௌதி ஒரு டப்பாவில் பூரியும் உருளைக்கிழங்கும் கொடுத்தார். இவர் குனிந்து அவர் காலைத் தொட்டார். அந்த ஊர்ப் பழக்கம் இவருக்கு முழுசாக வந்துவிட்டிருந்தது.

"கதவை இழுத்துட்டு வாரேன், நீ வண்டியில ஏறு" என்றார் இவர்.

"நீங்க ஏறுங்க" என்றேன். "நான் இழுக்கேன்."

பௌதி என்னை நிமிர்ந்து பார்த்தார். மில்லிலிருந்து வந்த பிறகு நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"நாளைக்கு யாரு இழுப்பா, பௌதி?"

"நாளைக்குத் திறந்தாத்தானே. மழை போற வரைக்கும் இது சுவரு. முன்வாசல் இருக்குல்ல, அது போதும் எனக்கு." உள்ளே போனார். கதவு பாதி மூடியபோது, "ரெண்டு கையால பிடி, மெட்ராஸி" என்றார்.

மெட்ராஸி என்றதில் எனக்குத் தைரியம் வந்தது. செருப்பைச் சுவரில் ஊன்றி, வளையத்தைப் பிடித்து இழுத்தேன். மரம் நிலையில் உரசியது. அந்தப் பக்கம் அவர் தோள் மோதுவது பலகை வழியாக என் மணிக்கட்டுக்கு வந்தது. மஞ்சள் அதற்குள் பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. முகத்தருகே புளித்த பழ வாசனை மட்டும் போகவில்லை.

"இன்னும்" என்றார் உள்ளேயிருந்து. "இன்னும் கொஞ்சம் இழு."

இழுத்தேன். கதவு நிலைக்குள் இறுகியது. தாழ்ப்பாள் முழுசாகப் போகவில்லை போலிருக்கிறது, எதையோ எடுத்து அதைத் தட்டுகிற சத்தம் கேட்டது. இரும்பில் படுகிற கல்லின் சத்தம், சின்னதாக, நிதானமாக. எந்தக் கல் என்று நான் கேட்கவில்லை. டாக்ஸி மறுபடி ஹாரன் அடித்தது.

"மழை விட்டதும் வாரேன், பௌதி."

தட்டுவது நின்றது. பலகைக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு மிக அருகில், மூச்சிரைக்கிற குரல்.

"தாழ் விழுந்துடுச்சு. வளையத்தை விடு, ரயில் போயிடப்போகுது."